வைக்கோல், சக்கை, முந்திரி ஓடு: கடலூரின் 'கழிவு' யாருக்குக் காசாகும்?

தை பிறந்ததும் ஒருநாள் சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் ரோட்டில் பைக்கில் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். அறுவடை மெஷின் நெல்லைக் கொட்டிவிட்டு நகர, பின்னாலேயே டிராக்டரில் வைக்கோல் கட்டும் மெஷின் வரும். உருளை உருளையாகக் கட்டிப் போட்டுக்கொண்டே போகும். வரப்பில் நிற்கும் விவசாயி, இரண்டு மெஷினுக்கும் வாடகை போக கையில் என்ன நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

அதே மாவட்டத்தில் கொஞ்சம் வடக்கே போனால் நெல்லிக்குப்பம். சர்க்கரை ஆலையில் அரவை முடிந்த கரும்புச் சக்கை மலைபோலக் கிடக்கும். பண்ருட்டி பக்கம் திரும்பினால், முந்திரி உடைக்கும் இடங்களில் ஓடு மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும்.

வைக்கோல், சக்கை, முந்திரி ஓடு. அரசு ஆவணங்களில் இந்த மூன்றுக்கும் ஒரே பெயர்: வேளாண் கழிவு. இவற்றிலிருந்து பெட்ரோலில் கலக்கும் எத்தனால், வண்டிக்கு கேஸ், தொழிற்சாலைக்கு ரசாயனம் எல்லாம் எடுக்க முடியும் என்று அடிக்கடி செய்தி வருகிறது. எடுக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் மூன்றும் ஒரே மாதிரி கழிவு அல்ல. அந்த வித்தியாசம் புரியாமல் போட்ட பெரிய பெரிய திட்டங்கள் உலகம் முழுக்கக் கவிழ்ந்திருக்கின்றன. கடலூர் அந்தத் தப்பைச் செய்யாமல் இருக்க என்ன வழி?

முதலில், உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு கான்கிரீட் தூணை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கம்பி இருக்கும், கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் கட்டுக்கம்பி இருக்கும், எல்லாவற்றையும் மூடி இறுக்கும் சிமென்ட் இருக்கும். செடியின் தண்டும் இப்படித்தான். கம்பி இருக்கும் இடத்தில் செல்லுலோஸ், கட்டுக்கம்பி இடத்தில் ஹெமிசெல்லுலோஸ், சிமென்ட் இடத்தில் லிக்னின்.

செல்லுலோஸ் என்பது சர்க்கரை மூலக்கூறுகளின் நீண்ட சங்கிலி. அதை உடைத்தால் குளுக்கோஸ் கிடைக்கும். குளுக்கோஸை ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தால் எத்தனால். ஹெமிசெல்லுலோஸில் பெரும்பாலும் சைலோஸ் என்ற வேறு வகைச் சர்க்கரை இருக்கிறது. அதை அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் ஃபர்ஃபியூரால் என்ற ரசாயனம் வரும். 1922-லேயே அமெரிக்காவில் குவாக்கர் ஓட்ஸ் கம்பெனி, ஓட்ஸ் உமியிலிருந்து இதை வியாபார அளவில் தயாரிக்க ஆரம்பித்துவிட்டது. இன்றும் வார்ப்படப் பட்டறைகளில் மணல் அச்சைக் கெட்டிப்படுத்தும் பிசின் இதிலிருந்துதான் வருகிறது.

கரும்புச் சக்கையில் செல்லுலோஸ் மட்டும் 40 சதவீதத்துக்கு மேல். வைக்கோலிலும் கிட்டத்தட்ட 35 முதல் 40 சதவீதம் இருக்கும். ஆனால் வைக்கோலில் ஒரு வில்லங்கம் உண்டு: சிலிக்கா. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி இலையிலும் தண்டிலும் சேர்த்து வைக்கிறது. வைக்கோலை எரித்தால் 12 முதல் 20 சதவீதம் வரை சாம்பல் மிஞ்சுவது இதனால்தான். கண்ணாடித் தூள் மாதிரியான இந்தச் சமாச்சாரம் வெட்டும் பிளேடைத் தேய்க்கும், பாய்லர் குழாயில் படியும்.

சுருக்கமாக, கழிவைக் காசாக்க மூன்று வழி. ஒன்று, எரித்து நீராவி, மின்சாரம் எடுப்பது. இரண்டு, காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்களை விட்டு மீத்தேன் எடுப்பது. நம்ம ஊர் சாண எரிவாயுவின் பெரிய அண்ணன். மூன்று, உடைத்துப் பிரித்து எத்தனாலும் ரசாயனமும் எடுப்பது. வரிசையில் கீழே போகப் போக விளைபொருளின் விலை கூடும். செலவும் சிக்கலும் அதைவிட வேகமாகக் கூடும்.

பண்ருட்டி ஏற்கெனவே பாஸ் ஆகிவிட்டது

'பயிர்க் கழிவிலிருந்து ரசாயனம்' என்றதும் ஏதோ எதிர்கால விஞ்ஞானம் போலத் தோன்றலாம். பண்ருட்டிக்காரர்களுக்கு அது பழைய கதை.

முந்திரிக் கொட்டையின் எடையில் பெரும்பகுதி ஓடுதான். பருப்பு சுமார் கால் பங்கு. அந்த ஓட்டுக்குள் தேன்கூடு மாதிரியான அறைகளில் கறுப்பாக, காரமாக ஒரு எண்ணெய் இருக்கிறது. உடைக்கும் பெண்களின் விரல்களைப் புண்ணாக்குவது இந்த எண்ணெய்தான். விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவது அதற்காகத்தான். ஓட்டின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த எண்ணெய்.

இதில் இருப்பது அனகார்டிக் அமிலம். சூடாக்கினால் அது கார்டனால் என்ற ஃபீனால் வகைப் பொருளாக மாறும். நீங்கள் பைக்கில் பிரேக் பிடிக்கும்போது தேயும் லைனிங்கில் இதிலிருந்து செய்த பிசின் இருக்க வாய்ப்பு அதிகம். கப்பலுக்கும் இரும்புப் பாலங்களுக்கும் அடிக்கும் எபாக்ஸி பெயின்ட்டைக் கெட்டியாக்கும் பொருளும் இதிலிருந்து வருகிறது. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் ஓட்டுப் பிண்ணாக்கு பாய்லருக்கும் செங்கல் சூளைக்கும் விறகாகப் போகிறது. எதுவுமே வீண் இல்லை.

பெரிய அரசுத் திட்டம் எதுவும் இல்லாமலேயே இது எப்படி ஓடுகிறது? கழிவு தானாகவே ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறது, அவ்வளவுதான் ரகசியம். கொட்டை பருப்புக்காக உடைக்கும் இடத்துக்கு வருகிறது. ஓடு அங்கேயே தங்குகிறது. ஓட்டைச் சேகரிக்கத் தனியாக யாரும் வயல் வயலாக அலைவதில்லை. ஆண்டு முழுக்கக் கிடைக்கிறது. எளிதில் அழுகாது.

2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் இந்த மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் ஒரே நாளில் சாய்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகும் பண்ருட்டியின் முந்திரித் தொழில் நிற்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வாங்கி வந்தாவது உடைத்தார்கள். கொட்டை எங்கிருந்து வந்தாலும் ஓடு பண்ருட்டியில்தான் விழுகிறது.

சக்கையும் ஆலை வாசலிலேயே கிடைக்கிறது

இதே தர்க்கம் கரும்புக்கும் பொருந்தும். நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனம் சர்க்கரைத் தொழிலைத் தொடங்கியது 1842-ல். சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் சுமார் 250 முதல் 300 கிலோ ஈரச் சக்கை வரும். வண்டிச் செலவு ஏற்கெனவே கரும்புக் கணக்கில் போய்விட்டதால், சக்கை ஆலைக்கு ஏறக்குறைய இலவசம். அதை எரித்துத்தான் ஆலை தனக்கான நீராவியைத் தயாரிக்கிறது. நல்ல பாய்லர் வைத்திருக்கும் ஆலைகள் மிச்ச மின்சாரத்தை விற்கின்றன.

கரூர் பக்கம் காகிதபுரத்தில் 1979-ல் தொடங்கப்பட்ட டி.என்.பி.எல். நிறுவனம் இன்னொரு படி மேலே போனது. சர்க்கரை ஆலைகளிடம், "சக்கையை எங்களிடம் கொடுங்கள், உங்களுக்கு வேண்டிய எரிபொருளை நாங்கள் தருகிறோம்" என்று பண்டமாற்று ஒப்பந்தம் போட்டது. எரிந்து போக வேண்டிய நார், எழுதும் தாளானது. தமிழ்நாட்டில் கழிவிலிருந்து மதிப்பு உண்டாக்கிய திட்டங்களில் இதைவிட நீண்ட காலம் நின்றது எது என்று யோசித்துப் பாருங்கள். சட்டென்று இன்னொன்று சொல்ல முடியாது.

வைக்கோலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்?

இப்போது வைக்கோலுக்கு வருவோம். ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டிய இரண்டாம் தலைமுறை எத்தனால் ஆலையை, 2022 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் திறந்துவைத்தார். ஆண்டுக்கு சுமார் 2 லட்சம் டன் வைக்கோலை எடுத்து 3 கோடி லிட்டர் எத்தனால் தயாரிப்பது திட்டம். அதாவது ஒரு டன் வைக்கோலுக்கு 150 லிட்டர்.

அதே ஆலையைச் சிதம்பரத்தில் வைத்தால் என்ன ஆகும்? ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்று தாராளமாகவே கணக்கு வைப்போம். 2 லட்சம் டன்னுக்கு 1 லட்சம் ஏக்கர் வேண்டும். வீராணம் ஏரியை நம்பிப் பாசனம் பெறும் நிலம் மொத்தமே சுமார் 45 ஆயிரம் ஏக்கர். ஆக, இரண்டு வீராணத்து வைக்கோலை ஒரு துரும்புகூட மிச்சம் வைக்காமல் வாரிக் கொண்டுவந்தாலும் அந்த ஒரு ஆலைக்குப் பத்தாது.

அதுவும் எப்போது வார வேண்டும்? தை, மாசி மட்டும். ஆறேழு வாரத்தில் சேர்த்ததை வருஷம் முழுக்க நனையாமல், தீப்பிடிக்காமல் காப்பாற்ற வேண்டும். வைக்கோல் எடையில் லேசு, இடத்தில் பெரிசு. லாரி நிரம்பிவிடும், எடை ஏறாது. டீசல் காசு கொடுத்துக் காற்றைச் சுமக்கிற கதை. அறுவடை நேரத்தில் ஒரு மழை பெய்துவிட்டால் பாதி வைக்கோல் வயலிலேயே கறுத்துப்போகும். வங்காள விரிகுடாவின் ஓரத்தில் இருக்கும் மாவட்டத்துக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வெளிநாட்டு அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. டூபாண்ட் நிறுவனம் அமெரிக்காவின் அயோவாவில் மக்காச்சோளத் தட்டையை நம்பி 2015-ல் பிரம்மாண்ட ஆலை திறந்தது, 2017-ல் கைவிட்டது. கிளாரியன்ட் நிறுவனம் ருமேனியாவில் கோதுமை வைக்கோல் ஆலை கட்டியது. 2023 இறுதியில் மூடுவதாக அறிவித்தது. பணமும் விஞ்ஞானமும் குறைவாக இருந்த கம்பெனிகள் அல்ல இவை. பரிசோதனைக் கூடத்தில் பாஸ் ஆன தொழில்நுட்பம், வயலுக்கும் ஆலைக்கும் நடுவே இருக்கும் ரோட்டில் மூச்சு வாங்கியது. மண்ணும் கல்லும் கலந்து வரும் தட்டை, மாறிக்கொண்டே இருக்கும் ஈரப்பதம், அடைத்துக்கொள்ளும் மெஷின் எல்லாம் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

அதைவிடப் பெரிய கேள்வி: வைக்கோல் கழிவா?

பஞ்சாபில் நெல்லுக்கும் கோதுமைக்கும் நடுவே சில வாரங்கள்தான் இடைவெளி. அதனால் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள், டெல்லி மூச்சுத் திணறுகிறது. அந்தப் பிரச்சினைக்கு எழுதிய மருந்துச் சீட்டை அப்படியே இங்கே நீட்டக் கூடாது. காவிரிக் கடைமடையில் வைக்கோலுக்கு ஏற்கெனவே மூன்று உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

முதல் ஆள், மாடு. சொந்த நிலம் இல்லாமல் ஒன்றிரண்டு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றும் குடும்பங்களுக்குக் கோடைகாலத் தீவனமே இதுதான். ஆலை வந்து கூட விலை கொடுத்தால் வயல்காரருக்கு லாபம். ஆனால் வைக்கோலைக் காசு கொடுத்து வாங்கும் அந்தப் பெண்ணுக்குப் பால் கணக்கு இடிக்கும். எத்தனால் விலை பற்றிப் பேசும் எந்தக் கூட்டத்திலும் அவருக்கு நாற்காலி போடுவதில்லை.

இரண்டாவது ஆள், மண். ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும், 14 முதல் 20 கிலோ சாம்பல்சத்தும் இருக்கின்றன. ஏக்கருக்கு 2 டன் வைக்கோலை வெளியே அனுப்பினால், ஏறக்குறைய ஒரு மூட்டை பொட்டாஷ் உரத்தை வயலிலிருந்து தூக்கிக் கொடுத்த மாதிரி. நாம் பயன்படுத்தும் பொட்டாஷ் கிட்டத்தட்ட எல்லாமே வெளிநாட்டிலிருந்து வருவது. பெட்ரோல் இறக்குமதியைக் குறைக்கிறேன் என்று உர இறக்குமதியைக் கூட்டினால் அது என்ன கணக்கு?

மூன்றாவது ஆள், உளுந்து. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் நெல் அறுப்பதற்குச் சில நாள் முன்பே, ஈரம் இருக்கும்போதே, நிற்கும் பயிருக்குள் உளுந்தும் பச்சைப்பயறும் விதைத்துவிடுவார்கள். அறுவடை முடியும்போது முளை எட்டிப் பார்க்கும். அதன் மேல் அறுவடை மெஷின் ஒருமுறை ஏறுவதே சேதம். வைக்கோல் கட்டும் மெஷினும் டிராக்டரும் அடுத்தடுத்து ஏறினால் முளை நசுங்கும். வைக்கோல் விற்ற காசு, போன உளுந்துக்கு ஈடாகுமா என்பதை விவசாயிதான் சொல்ல வேண்டும்.

இந்த மாவட்டத்தில் உண்மையாகவே தீக்கு இரையாகும் பொருள் வேறு ஒன்று உண்டு: கரும்புச் சோகை. வெட்டி முடித்த வயலில் ஏக்கருக்குச் சில டன் உலர்ந்த இலை கிடக்கும். கூலி ஆள் கிடைக்காததால் பலர் தீ வைத்துவிடுகிறார்கள். அதைப் பரப்பி மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும், களை குறையும். அதற்கு மேல் மிஞ்சுவதை ஆலைக்கு அனுப்பலாம். கரும்பு ஏற்ற வரும் டிராக்டரும் பாதையும் ஏற்கெனவே இருக்கின்றன.

கெமிக்கல் என்றாலே கடலூருக்கு ஒரு பயம் இருக்கிறதே?

இருக்கத்தான் செய்யும். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் சிப்காட் வளாகத்தைத் தாண்டும்போது பஸ் ஜன்னலை மூடிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். உப்பனாற்றங்கரை ஊர்களின் புகார் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 'பசுமை' என்று பெயர் வைத்துவிட்டால் கழிவுநீர் இனிக்காது. எத்தனால் வடித்த பிறகு மிஞ்சும் தண்ணீரும், ஃபர்ஃபியூரால் ஆலையின் அமிலத் தண்ணீரும் சுத்திகரிக்காமல் விட்டால் ஆற்றைக் கொல்லும்.

இன்னொரு பக்கம், 2020-ல் வந்த காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து கடலூர் மாவட்ட ஒன்றியங்களும் இருக்கின்றன. வைக்கோல் விளையும் இடம் இந்த மண்டலம். விவசாயத்தைக் காப்பாற்ற வந்த சட்டத்தின் கீழ் இருக்கும் நிலத்திலிருந்து எவ்வளவு எடுக்கலாம், என்ன திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வைக்காமல் ஆலைக்கு அனுமதி தருவது முறையல்ல.

அப்போ என்னதான் செய்யலாம்?

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டாம் தலைமுறை எத்தனாலுக்காக மத்திய அரசு 2019-ல் கொண்டுவந்த 'ஜீவன்' திட்டத்துக்கு 1,969.50 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2024-ல் அதை 2028-29 வரை நீட்டித்தது. 2018-ல் தொடங்கிய 'சதத்' திட்டம் 5,000 அழுத்தப்பட்ட உயிரிவாயு ஆலைகள் என்று இலக்கு வைத்தது. அதன் பக்கத்தில்கூட இன்னும் வரவில்லை. பணம் இருந்தும் நகராத இடம் எது என்பதை மேலே பார்த்தோம்: சேகரிப்பு. எனவே நம்முடைய வரிசை இப்படி இருக்க வேண்டும்.

ஒன்று, கழிவு ஏற்கெனவே குவியும் இடத்தில் தொடங்குங்கள். முந்திரி ஓட்டு எண்ணெயைப் பச்சையாக டேங்கரில் அனுப்பிவிடாமல் கார்டனாலாகவும் பிசினாகவும் இங்கேயே மாற்றினால் வேலையும் லாபமும் பண்ருட்டியில் தங்கும். விருத்தாசலத்தில் முந்திரி ரகங்களை உருவாக்கிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சிதம்பரத்தில் வேளாண் புலமும் பொறியியல் புலமும் ஒரே வளாகத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரையோடு நின்றுவிடாமல், சிறு தொழில் செய்பவர் பரிசோதித்துப் பார்க்க ஒரு பொது மாதிரி ஆலை அங்கே வர வேண்டும்.

இரண்டு, ரசாயனமும் இரண்டாம் தலைமுறை எத்தனாலும் வேண்டும் என்றால் சர்க்கரை ஆலை வளாகத்தைத் தாண்டிப் போக வேண்டாம். சக்கை, நீராவி, தண்ணீர், எடை மேடை எல்லாம் அங்கேயே இருக்கின்றன. பிரேசிலில் ஓடத் தொடங்கிய ஆலைகளும் கரும்பு ஆலையோடு ஒட்டியவைதான்.

மூன்று, வைக்கோலுக்கு எத்தனாலைவிட உயிரிவாயு பொருத்தம். காரணம் எளிது: தொட்டியில் நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்வது கரியையும் ஹைட்ரஜனையும்தான். பொட்டாஷ் கரைசலிலேயே நிற்கும். எருவாக வயலுக்குத் திரும்பும். வைக்கோலைப் பொடியாக வெட்ட வேண்டும், சாணமும் ஆலை மட்டியும் கலக்க வேண்டும், சிலிக்காவைச் சமாளிக்க வேண்டும் என்பதெல்லாம் உண்மை. அதனால் சிறிய அளவில், பதினைந்து இருபது கிலோமீட்டர் சுற்றளவுக்குள், மழையில் நனைந்து மாடு தொடாத வைக்கோலில் ஆரம்பிக்கலாம்.

நான்கு, விலையை முதலிலேயே எழுதுங்கள். கரும்பில் இந்தச் சண்டை பல காலமாக நடக்கிறது. சர்க்கரையோடு சக்கை, மொலாசஸ் வருமானத்தையும் சேர்த்து அதில் 70 சதவீதம் விவசாயிக்குப் போக வேண்டும் என்று ரங்கராஜன் குழு 2012-ல் சொன்னது. ஆலை வந்து இருபது வருஷம் கழித்துக் கேட்பதைவிட, ஒப்பந்தம் போடும் நாளிலேயே டன்னுக்கு இவ்வளவு, திருப்பித் தரும் எரு இவ்வளவு என்று கேட்பது சுலபம். வைக்கோல் கட்டும் மெஷின் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கையில் இருந்தால், பேரம் பேசும்போது விவசாயிக்கு ஒரு பிடிமானம் இருக்கும்.

ஐந்து, அனுமதிக் கடிதத்தில் மூன்று வரி கட்டாயம்: மாட்டுக்கு எவ்வளவு விடப்படும், மண்ணுக்கு எவ்வளவு திரும்பும், கழிவுநீர் எங்கே போகும். மூன்றுக்கும் பதில் இல்லாத திட்டத்துக்கு அடிக்கல் நாட்ட வேண்டியதில்லை.

சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து இதைப் படிக்கும் கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் கெமிக்கல் இன்ஜினீயர்கள், அக்கவுன்டன்ட்கள், லாரி கணக்கை ஆப்பில் கண்காணிக்கத் தெரிந்தவர்கள். இந்தத் தொழிலுக்கு வேண்டிய ஆள்கள் நீங்கள்தான். அடுத்த தை மாதம் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வரப்பில் நிற்கும் உங்கள் சித்தப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வைக்கோல் இப்ப எங்க போகுது, யாருக்கு எவ்வளவு கிடைக்குது?" அவர் சொல்லும் பதிலிலிருந்துதான் எந்தத் திட்ட அறிக்கையும் தொடங்க வேண்டும்.